தம்பி கேட்ட பிரஷர் கேள்வி

பிரஷர் இருக்கிறதா என்று கேட்டால் மனிதர்கள் சொல்லும் பதிலை நான் நம்புவதில்லை. டோங்காவில் சுகாதாரக் கணக்கெடுப்புக்கு மேற்பார்வையாளர் நான். சந்தேகம்தான் எனக்குச் சோறு போடுகிறது. கணக்கெடுக்கப் போன பையன் செமிசி கொண்டுவந்த பதில்களைப் பார்த்ததும் எனக்கே பிரஷர் ஏறிவிட்டது. ஹாபாய் தீவில் அவனுடைய சொந்த ஊரில் ஒரு பெண்ணுக்குக்கூட ரத்தக்கொதிப்பு இல்லையாம். உப்புக்கண்டமும் ஆட்டுக்கொழுப்புமாகத் தின்கிற ஊரில்!

உள்ளூர்க்காரன் போனால்தான் வாய் திறப்பார்கள் என்று அவனை அங்கே அனுப்பியது ஆபீஸ். பயல் யாரையும் கேட்காமல் மரத்தடியில் படுத்துக்கொண்டே படிவங்களை நிரப்பியிருக்கிறான் என்று எனக்குத் தோன்றியது. பித்தலாட்டம் என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்று முகத்துக்கு நேராகவே சொல்லி, அவனையும் இழுத்துக்கொண்டு பிரஷர் கருவியோடு படகேறினேன்.

முதல் வீடு கலோலைனேயுடையது. அவனுடைய பெரியப்பா மகள். எங்கள் வழக்கத்தில் அவள் கூடப்பிறந்த அக்காவேதான். செமிசி உள்ளே வரவில்லை. ஈரப்பலா மரத்தடியில் வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான். எங்களில் அக்கா இருக்கும் அறைக்குள் தம்பி நுழைய மாட்டான், அவள் உடம்பைப் பற்றி வாயே திறக்க மாட்டான். ஆகவே இவன் கேட்டிருக்கவே மாட்டான் என்று என் சந்தேகம் இறுகிவிட்டது.

பாய் முடைந்துகொண்டிருந்த கலோலைனே கையை நீட்டினாள். இருநூற்றுப் பத்து. கருவியையும் நம்பாமல் மறுபடி பார்த்தேன். அதே இருநூற்றுப் பத்து. செமிசி உண்மையில் கேட்டானா என்றேன்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "கேட்டான். அதோ அப்படியே முதுகைக் காட்டிக்கிட்டு, கூனிக்குறுகிக் கேட்டான், பாவம். தம்பிகிட்டப் போயி என் உடம்பப் பத்தி என்னத்தச் சொல்ல? இல்லன்னுட்டேன். இங்க எல்லாரும் அவனுக்கு அக்கா தங்கச்சிதான்."

கிளினிக்கில் மாத்திரை கொடுக்கவில்லையா என்று கேட்டேன்.

"குடுத்தாங்க, கெடக்கு. அவன் வந்துட்டுப் போன அன்னிக்கே நிறுத்திட்டேன். நான் மாத்திரை தின்னா அவன் பொய் எழுதினவன்னு ஆயிடாதா? பொழப்பு போயிடுமேம்மா."

அடி பைத்தியக்காரி, தம்பி வேலைக்காக மாத்திரையை நிறுத்தினால் ஒருநாள் பாயிலேயே சாய்ந்துவிடுவாய் என்று கத்திவிட்டேன். மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினேன். வாயை இறுக மூடிக்கொண்டாள்.

வெளியே நின்றவன் திரும்பாமலே பேசினான்.

"மேடம், நான் அக்காவ எதுவுமே கேக்கல. இந்த ஊர்ல யாரையும் கேக்கல. எல்லாம் நானா எழுதினதுதான். என்னை வேலைய விட்டு எடுத்துடுங்க."

இந்த வாக்குமூலத்தைக் கறக்கத்தான் படகேறி வந்தேன். இப்போது அதில் ஒரு சொல்லைக்கூட நான் நம்பவில்லை.

"எடுத்தாச்சு" என்று அவள் காதில் விழும்படி உரக்கச் சொன்னேன். கலோலைனே தம்பியின் முதுகையே பார்த்திருந்தாள். பிறகு அழுதுகொண்டே மாத்திரையை வாங்கி விழுங்கினாள்.