கிணற்றடியில் இரண்டு பாத்தி

சுபஹுத் தொழுதுவிட்டு வந்த அபூசாலி மச்சான் வேலியோரம் நின்று, என் வெங்காயத்தைப் பார்த்து, "இன்னாலில்லாஹி" என்றார்.

யாராவது இறந்த மௌத்துச் செய்தி கேட்டால் சொல்வது அது. நானும் பதறித்தான் போனேன். யார் என்று கேட்டேன். அவர் கையை நீட்டிப் பாத்திகளைக் காட்டினார்.

"இதுகள்தான். இனித் தேறாது மச்சான்."

பார்த்தால் அப்படித்தான் இருந்தது. எங்கள் ஊர்க் கண்டக்குழி மணலில் வெங்காயம் என்றால் தாள் கரும்பச்சையாக நிமிர்ந்து நிற்க வேண்டும். ரோட்டிலிருந்து பார்க்கிறவன் சைக்கிளை நிறுத்த வேண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய தோட்டம் அப்படித்தான் நின்றது. என்னுடையதைப் பார்த்தால், ஒரு பள்ளிக்கூடம் முழுக்க மஞ்சள் காமாலை வந்து பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியது போலிருந்தது. யூரியாவைப் பாதியாகக் குறைத்ததால் வந்த நிறம். தாள் வெளுக்கும், கிழங்குக்கு ஒன்றும் ஆகாது என்று விவசாயப் போதனாசிரியர் மக்டலின் மிஸ் சொல்லியிருந்தார். மிஸ்ஸுக்கு அரசாங்கச் சம்பளம். வெளுத்தது என் வெங்காயமும் என் முகமும்தான்.

என்னை முன்மாதிரி விவசாயியாகத் தெரிந்தெடுத்தது என் அறிவைப் பார்த்து அல்ல. என் தோட்டம் ரோட்டோரம் இருக்கிறது, பலகை நட்டால் போகிற வருகிற எல்லாருடைய கண்ணிலும் படும். பலகை வந்தது, என் பெயர் வந்தது, முதுகு உரச ஆடுகளும் வந்தன. ஆட்கள்தான் வரவில்லை. பயிற்சி வகுப்புக்கு மட்டும் எல்லாரும் வருவார்கள், புரியாணிப் பார்சல் கைக்கு வந்ததும் வகுப்பு முடிந்துவிடும். எங்கள் பக்கத்தில் யாரும் யாரிடமும் கேட்டுப் படிப்பதில்லை. கேட்டால் பொய்தான் வரும் என்று கேட்கிறவனுக்கும் தெரியும், சொல்கிறவனுக்கும் தெரியும். ஒருவன் புதுப் பசளை உரத்தின் வெறும் பையைக் கழுவி வேலியில் காயப்போட்டால் போதும், அடுத்த கிழமை நாலு வேலியில் அதே பை காயும். குறைவாகப் போடுகிறவன் எந்தப் பையைக் காயப்போடுவான்? அதுவும் நான், தொண்ணூறில் விரட்டப்பட்டு ஓர் உடுப்புப் பையோடு மன்னாரிலிருந்து வந்து, இங்கேயே பெண்ணெடுத்து, இந்த மணலிலேயே தலை நரைத்த பிறகும் இன்னும் 'மன்னாரான்'. மன்னாரான் தோட்டம் வெளுத்தால் அது விஞ்ஞானம் ஆகுமா?

பலகை போனால் போகட்டும் என்றுகூட விட்டிருப்பேன். மகள் ஸும்றா தலைப்பிள்ளைப் பேற்றுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அவளைப் பார்க்க வந்த குடும்பநல மாது, போகும்போது கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணியில புள்ளைக்குப் பால்மா கரைச்சிடாதீங்க. இந்தப் பக்கத்துக் கிணறெல்லாத்துலயும் பசளை கலந்திருக்கு" என்றார். கொதிக்க வைத்தால் சரிதானே என்று என் மனைவி நஃபீஸா கேட்டாள். கொதிக்க வைத்தால் இன்னும் கூடும் என்றார். மணலில் எதுவும் நிற்காது. மேலே போடுகிற யூரியாவில் தாள் குடித்தது போக மிச்சமெல்லாம் தண்ணீரோடு நேரே கீழே இறங்கிக் கிணற்றுக்கு வந்துவிடும். அன்றிலிருந்து மருமகன் மோட்டார் சைக்கிளில் கேன் கட்டித் தண்ணீர் கொண்டுவருகிறார். அவர் வேலைக்குப் போன நாளில் நாங்கள் கேனைக் குலுக்கிக் குலுக்கிப் பார்ப்போம்.

கிணறோ எனக்கும் அபூசாலி மச்சானுக்கும் பொது. நஃபீஸாவின் நானா அவர், கூடப்பிறந்த அண்ணன். மாமனார் மகனுக்கும் மகளுக்கும் காணியைப் பிரித்தபோது, கிணற்றை வெட்ட முடியாமல் வேலியை இந்தப் பக்கம் நிறுத்தி அந்தப் பக்கம் தொடங்கிவிட்டார். நான் மட்டும் யூரியாவைக் குறைத்தால் என் வாளியில் நல்ல தண்ணீரும் மச்சானின் வாளியில் கெட்ட தண்ணீருமா வரும்? அவரிடம் போய்ச் சொன்னேன். ஒரு முறையா, எத்தனை முறை!

"இந்தத் தண்ணி குடிச்சித்தானே நாங்க எல்லாம் வளந்த. எனக்கு என்ன கொற ஈக்கி?" என்றார்.

அவரை மேலும் கீழும் பார்த்தேன். பதில் நாக்கு நுனி வரை வந்தது. நஃபீஸாவின் கூடப்பிறந்தவர் என்பதால் விழுங்கிவிட்டேன்.

அன்று காலையும், "இன்னாலில்லாஹி"க்குப் பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "உண்மையச் சொல்லு மச்சான். யூரியா வாங்க வழியில்லயா?"

விளக்கி விளக்கி எனக்கு அலுத்துவிட்டிருந்தது. "ஓம் மச்சான்," என்றேன். "இருந்த சல்லியெல்லாம் புள்ளப்பேத்துக்கு எடுத்து வெச்சாச்சு. வெங்காயம் நோன்பு பிடிக்கட்டும்."

அவர் சிரிக்கவில்லை. இந்த மனிதனுக்கு ஒரு பகிடியும் விளங்காதே என்று நினைத்துக்கொண்டு நான் தண்ணீர் மிசினை இழுத்து ஸ்டார்ட் பண்ணப் போய்விட்டேன்.

இரண்டொரு நாளில் ஸும்றாவுக்கு நோவு கண்டது. தண்ணீர் காட்டும் வேலையை மச்சானிடம் ஒப்படைத்துவிட்டுப் புத்தளம் ஆசுபத்திரிக்கு ஓடினோம். ஒப்பரேஷன். பெண் குழந்தை. தாய்க்குக் காய்ச்சல் விடாமல் ஒரு கிழமைக்கு மேல் அங்கேயே கிடந்தோம். வார்டுக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்த எனக்கு வெங்காயம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே மறந்துபோனது.

திரும்பி வந்து வேனிலிருந்து இறங்கியபோது தோட்டம் பச்சையாக நின்றது. வேறு யாருடைய கேற்று வாசலிலாவது வேனை நிறுத்திவிட்டானா என்று பார்த்தேன். என் பெயர்ப் பலகைதான், ஆடும் அதே ஆடுதான். "புள்ள கொண்டு வந்த பறக்கத்து, அல்லாட அருள்" என்றாள் நஃபீஸா. "விஞ்ஞானம்" என்றேன் நான். கிணற்றடிப் பாத்திகள் இரண்டு மட்டும் பழைய மஞ்சளிலேயே இருந்தன. உடுப்புக் கழுவுகிற சவர்க்காரத் தண்ணீரை அவள் அங்கே ஊற்றியதுதான் காரணம் என்று கண்டுபிடித்துச் சொன்னேன். விஞ்ஞானிகள் வேறு கிணற்றில் கழுவிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது.

வெங்காயம் பிடுங்குவதற்கு முன் வயல் விழா வைத்தார்கள். பந்தல், கதிரைகள், ஒலிபெருக்கி, அடுப்பில் ஏறிய புரியாணிச் சட்டி. தூரத்து ஊர்க் கனமூலையிலிருந்துகூட ஒரு வேன் வந்தது. மக்டலின் மிஸ் தாளைத் தொட்டுக் காட்டி, "பாருங்க, பாதி யூரியா! பாதிதான்!" என்று சொன்னபோது, என்னை மன்னாரான் என்கிற வாய்களெல்லாம் திறந்தபடி நின்றன. குனிந்து தாளைக் கிள்ளினார்கள், முகர்ந்தார்கள், ஒருவர் மென்றும் பார்த்தார். என்னிடம் கேள்வி கேட்டார்கள்! நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பதில் சொன்னேன். இரண்டு பதில் சரியாகவும் இருந்தது.

"அடுத்த போகத்துக்கு யாரெல்லாம் செய்து பார்க்கப் போறீங்க? கையைத் தூக்குங்க" என்றார் மிஸ்.

ஒரு கை எழுந்தது. பக்கத்துக் கையைப் பார்த்து இன்னொன்று. பிறகு பந்தலில் பாதிக்கு மேல் கைகள். உள்ளே தொட்டிலில் கிடக்கிற குழந்தை நடக்கிற வயதுக்குள், இந்தக் கிணற்றில் வாய் வைத்துக் குடிக்கலாமோ என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. அப்போதுதான் அபூசாலி மச்சான் என் முழங்கையைப் பிடித்து மிசின் கொட்டிலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். பள்ளிவாசலில் செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு வந்தவரைப் போல முகம்.

"கையெல்லாம் எறக்கச் சொல்லு மச்சான்."

"ஏன்?"

"நான் போட்ட."

"என்னத்த?"

"யூரியா. நீங்க ஆசுபத்திரியில நிண்ட நேரம். என்ட மூட்டையிலேந்து எடுத்து, நீ போடாம விட்ட பாதிய நான் போட்ட. சல்லி இல்ல எண்டு நீதானே சொன்ன? தங்கச்சி ஊட்டு வெங்காயம் சாகக்கொள்ள நான் வேலிக்கு அங்கால நிண்டு பார்த்துக்கொண்டு ஈக்கவா?"

"அது பகிடி மச்சான்!"

"பகிடிய சிரிச்சிக்கொண்டு சொல்லோணும்."

நான் கொட்டில் சுவரில் சாய்ந்துவிட்டேன். அப்படியானால் அந்தப் பச்சை முழு யூரியாவின் பச்சை. பந்தலில் எழுந்த கைகள் எல்லாம் பொய்க்கு எழுந்த கைகள். உண்மையைச் சொன்னால் இப்போதே இறங்கிவிடும், பிறகு எந்தப் புரியாணிக்கும் எழாது. சொல்லாமல் விட்டால் அடுத்த போகத்தில் எல்லார் தோட்டமும் மஞ்சளாகும், ஆளுக்கொரு யூரியா மூட்டையோடு கடையிலிருந்து நேரே என் வீட்டு வாசலுக்குச் சண்டைக்கு வருவார்கள். அப்போதும் கிணற்றுக்குக் கிடைப்பது யூரியாதான்.

"ஒரு பாத்தி விடாம அள்ளிப் போட்டீங்களாக்கும்," என்றேன் எரிச்சலில்.

"இல்ல. கெணத்தடி ரெண்டுக்கும் போடல்ல."

"ஏன், மூட்டை முடிஞ்சிட்டோ?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீதானே நூறுதரம் சொன்ன, தண்ணிக்கு எறங்குதெண்டு. புள்ளட தண்ணியில்லயா அது?" பிறகு காலால் மணலைக் கிளறிக்கொண்டு, "என்ட பக்கத்துலயும் கெணத்தடியில போடாமத்தான் விட்ட. ஒனக்கிட்டச் சொன்னா பெரிய இவனெண்டு துள்ளுவாய்" என்றார்.

கிணற்றடிக்கு நடந்து போய், கிடுகு வேலி விட்ட இடைவெளியால் எட்டிப் பார்த்தேன். அவருடைய கரும்பச்சையைப் பார்க்கப் பொறுக்காமல் அந்தப் பக்கம் பார்ப்பதையே நான் விட்டிருந்தேன். அங்கேயும் கிணற்றை அடுத்து வெளுத்த வெங்காயம். என் பக்கத்து மஞ்சளையும் அவர் பக்கத்து மஞ்சளையும் சேர்த்துப் பார்த்தால், கிணற்றைச் சுற்றி யாரோ ஒரு மஞ்சள் பாய் விரித்தது போலிருந்தது. தண்ணீர் கிணற்றடியில் மட்டும் இறங்குவதில்லை, நிலத்துக்குக் கீழால் எங்கிருந்தும் வரும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குப் பதில் குனிந்து, என் மஞ்சள் பாத்தியில் ஒரு வெங்காயக் கொத்துப் பிடுங்கினேன். இரண்டு பாத்தி தள்ளிப் போய்ப் பச்சையில் ஒன்று பிடுங்கினேன். மண்ணை உதறி, தாளை முறுக்கி எறிந்துவிட்டு, எது எது என்று சொல்லாமல் இரண்டு கொத்தையும் பின்னால் வந்து நின்ற மச்சானின் இரண்டு கையிலும் வைத்தேன். தராசு பொய் சொல்லலாம், அபூசாலி மச்சானின் உள்ளங்கை சந்தையில் பொய் சொன்னதில்லை. தாள் வெளுத்தாலும் கிழங்குக்கு ஒன்றும் ஆகாது என்று மிஸ் சொன்னது மெய்யா என்று அதுவே சொல்லட்டும்.

"ஹாசிம் நானா எங்க? ஹாசிம் நானா வந்து ரெண்டு வசனம் கதைப்பார்" என்று ஒலிபெருக்கியில் மக்டலின் மிஸ்ஸின் குரல் என்னைக் கூப்பிட்டது. வீட்டுக்குள் குழந்தை விழித்து அழத் தொடங்கியது. பந்தலில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தார்கள். முன்வரிசையில் இரண்டு பேர் கதிரையை விட்டு எழுந்து கிணற்றடிப் பக்கம் நடக்கத் தொடங்கினார்கள்.

மச்சான் யாரையும் பார்க்கவில்லை. இரண்டு கையையும் மெல்ல மேலும் கீழும் ஆட்டினார். வலக்கைக் கொத்தை இடக்கைக்கும் இடக்கைக் கொத்தை வலக்கைக்கும் மாற்றினார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை ஆட்டிப் பார்த்தார். பிறகு மறுபடியும் கை மாற்றினார்.