பெண் கேட்கப் போன விளக்கு

"பொண்ணு கேக்கப் போற எடத்துக்கு மாப்பிள்ளையே முன்னாடி கார் ஓட்டிக்கிட்டுப் போறதா? நம்ம சனத்துல எவனாவது செஞ்சிருக்கானா? வெக்கமா இல்ல உனக்கு?"

"நான் வீட்டுக்குள்ள வரேன்னு சொன்னேனா காக் லோங்? வழி காட்டிக்கிட்டு முன்னாடி போறேன். முச்சந்தியில நிப்பாட்டிக்கிட்டு அங்கயே இருக்கேன். அவ்வளவுதான்."

"வழியா? வாய்க்கால் ஓரமா நேரா ஒரே ரோடு. கண்ணக் கட்டி விட்டாக்கூடப் போய்ச் சேருவேன்."

"இருட்டுல தெரியாது."

"ஆங், அதத்தான் கேக்கணும்னு இருந்தேன். ஊரு உலகத்துல அஸர் தொழுதுட்டு வெளிச்சத்துலயே போவாங்க. நீ எதுக்கு மக்ரிப்புக்கு அப்புறம்னு வச்ச? நான் சொல்லட்டுமா? புது லைட்டு போட்டிருக்க. பகல்ல போனா அத ஒருத்தனும் பாக்க மாட்டான்!"

பாரிட் புந்தாரின் அந்த வரிசை வீடுகளில், இடப்பக்கம் மூன்று வீட்டிலும் வலப்பக்கம் மூன்று வீட்டிலும் தொலைக்காட்சியின் சத்தம் ஒரே நேரத்தில் குறைந்தது. ஸஹாரா குடும்பத்தில் மூத்தவள். அதனால் தம்பிக்கு மட்டுமல்ல, தெருவுக்கே அவள் காக் லோங். அவள் தம்பி பத்ருலைத் திட்டுவதைக் கேட்க யாரும் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பது அந்தத் தெருவில் குடியிருப்பதன் சில வசதிகளில் ஒன்று.

பத்ருலுக்கு நாற்பத்து நான்கு வயது. நில அலுவலகத்தில் பட்டா நகல் கொடுக்கும் மேசை. மனைவி இல்லை, ஆனால் கார் இருந்தது. ஜப்பான்காரன் முப்பது வருடத்துக்கு முன்பு செய்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். ஒரு காலத்தில் சிவப்பு. பொத்தானை அழுத்தினால் முன்விளக்குகள் இரண்டும் மூடியைத் திறந்துகொண்டு மேலே எழும்பும். வலது கண் உடனே விழிக்கும். இடது கண் கொஞ்சம் யோசித்துவிட்டு விழிக்கும். தெருவில் அதற்குத் தவளை என்று பெயர். பொறாமையில் வைத்த பெயர் என்று பத்ருல் நினைத்துக்கொண்டிருந்தான்.

அந்தத் தவளைதான் அவன் கல்யாணத்துக்கு எமனாக இருந்தது. மஸ்னா டீச்சர் ஆறு கிலோமீட்டர் தள்ளி, நெல்வயல்களுக்கு நடுவில் ஒரு கம்பத்து, அதாவது கிராமத்து, பள்ளியில் பாடம் எடுத்தாள். இறந்துபோன அப்பாவின் நிலத்தைப் பெயர் மாற்ற வந்தபோது பத்ருலின் மேசையில்தான் வரிசை நின்றாள். மூன்று வருடப் பழக்கம். அப்பா இல்லாத பெண்ணை நிக்காஹ் செய்து கொடுக்க வேண்டியவன் அண்ணன். அவன் வாய் திறந்து சரி என்று சொல்லாமல் எந்தக் காஜியும் புத்தகத்தைத் திறக்கமாட்டார். அண்ணன் சப்ரி இரண்டு தடவை தட்டிக் கழித்துவிட்டான். "ரெண்டு பேர் உக்கார்ற கார வச்சிருக்கிறவன் புள்ள பெத்துக்கிற எண்ணத்துல இருக்கானா, இல்லையா?" என்று அவன் டீக்கடையில் கேட்டது பாரிட் புந்தார் முழுக்கப் பரவியது.

இந்த முறை, வரச் சொல்லிவிட்டான். மஸ்னாவும் போனில் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: "இதுதாங்க கடைசி. இந்தத் தடவையும் அண்ணன் மூஞ்சத் திருப்பிக்கிட்டா, நான் இன்னொரு தரம் கெஞ்ச மாட்டேன். எனக்கும் முப்பத்தொம்பது ஆச்சு."

இதைக் கேட்ட எந்த ஆணும் நல்ல சட்டை தைக்கக் கொடுப்பான், இல்லாவிட்டால் நான்கு கதவுள்ள காருக்கு முன்பணம் கட்டுவான். பத்ருல் விளக்கு வாங்கினான்.

எங்கோ வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்த எல்இடி விளக்குகள். ஓட்டுநர்கள் எல்லாரும் சாலையின் மறுபக்கத்தில் ஓட்டுகிற தேசம். பட்டறைத் தவ்கே, அதாவது முதலாளி, சூன் ஹுவாட் பெட்டியைப் பிரித்ததுமே ஒரு விளக்கைக் கையில் எடுத்துக் கண்ணாடியின் வரிகளைப் பார்த்தார்.

"பாஸ், இது நமக்கு ஆகாது லா. அவங்க ரோட்டுக்கு வலது பக்கம் போறவங்க. அவங்களுக்கு ஓரம் வலது. வெளிச்சம் வலது பக்கமா ஏறும். நம்மூர்ல வலது பக்கம் யார் வர்றான்? எதிர்ல வர்றவன்!"

"நல்லதுதானே தவ்கே. வர்றவன் யாருன்னு நல்லாத் தெரியும்."

"உனக்குத் தெரியும். அவனுக்கு ஒண்ணுமே தெரியாது."

"திருகாணி இருக்குல்ல? திருப்பி விடுங்க."

"திருப்பினா தரையத்தான் பாக்கும். எறும்பு புடிக்கப் போறியா? இத மாட்டிக்கிட்டு நீ பிலிப்பைன்ஸ்ல போய்க் குடியிரு, அங்க சரியா இருக்கும்."

பத்ருல் சிரித்தான். தெரிந்த ஒரே பதில் அதுதான். பிறகு பின்விளக்குக்கு வந்தார்கள். அதிலும் எல்இடிதான். ஆனால் சாதாரணமாக எரியும்போது மங்கலாகவும் பிரேக் மிதித்தால் பளிச்சென்றும் இருப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை. கொடுத்த காசுக்கு எப்போதும் பளிச்சென்றே எரியட்டும் என்றான். சூன் ஹுவாட் ஒயரைக் கீழே வைத்தார்.

"அப்போ நீ பிரேக் போட்டா பின்னாடி வர்றவனுக்கு எப்படித் தெரியும்?"

"எப்பவும் கவனமா வருவான்."

அதற்குமேல் வாடிக்கையாளரோடு வாதாடுவது தொழில் தர்மம் இல்லை என்று அவர் மாட்டிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த ஒரு வாரம் பத்ருலின் வாழ்க்கையிலேயே மிகச் சந்தோஷமான வாரம். இருட்டியதும் தவளையை எடுத்துக்கொண்டு நிபோங் திபால் வரை போய் வருவான். எதிரே வருகிற கார், லாரி, வேன் எல்லாமே அவனைப் பார்த்து விளக்கை மின்னின. சிலர் ஹார்ன் அடித்தார்கள். ஒரு லாரிக்காரர் கையை வெளியே நீட்டி என்னவோ சைகையும் காட்டினார். இத்தனை வருடமாக ஒருவரும் திரும்பிப் பார்க்காத காருக்கு ஊரே வணக்கம் சொல்கிறது! மோட்டார் சைக்கிள்காரர்கள் ஒதுங்கிப் புல்லில் இறங்கி நின்று வழிவிட்டார்கள். அவன் பெருந்தன்மையோடு கையை உயர்த்தி ஏற்றுக்கொண்டான். இதை அவனே தெருவில் நான்கு பேரிடம் சொன்னான். நான்கு பேரும் முகத்தை நேராக வைத்துக்கொண்டு கேட்டது அவர்களுடைய கெட்டிக்காரத்தனம்.

ஆக, அந்த வெள்ளிக்கிழமை காக் லோங்தான் தோற்றாள். மக்ரிப் முடிந்ததும் ஊர்வலம் கிளம்பியது. முன்னால் பத்ருல் தனியாக. பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரச் சம்மதிக்கவில்லை. பின்னால் சித்தப்பா மன்சூரின் வேனில் காக் லோங், இரண்டு அத்தைகள், அவர்கள் மடியில் ஐந்து தட்டுகள்: மோதிரம், வெற்றிலைக் கூம்பு, கேக், பழம், நடுவில் அவித்த முட்டை வைத்த மஞ்சள் ஒட்டரிசிச் சோறு.

வாய்க்கால் சாலையில் ஏறியதும் சித்தப்பாவுக்கு முன்னால் இரண்டு சிவப்பு நெருப்பு எரிந்தது. மரியாதைக்கு பிரேக் போட்டார். நெருப்பு போய்க்கொண்டே இருந்தது, ஆனால் அணையவில்லை. மறுபடி பிரேக். மறுபடி. ஒவ்வொரு பிரேக்குக்கும் முட்டை ஒன்று அத்தையின் மடியில் உருண்டது.

"இவன் போறானா நிக்கிறானா? ஒண்ணு போகச் சொல்லு, இல்ல நிக்கச் சொல்லு!"

"மெதுவாப் போங்க சித்தப்பா, கேக் மூஞ்சி எல்லாம் மூடியில ஒட்டிக்கிச்சு."

"நான் என்னம்மா பண்ணுவேன்? முன்னாடி போறவன் ஆறு கிலோமீட்டரும் பிரேக்க மிதிச்சுக்கிட்டே போறானே!"

கடைசியில் சித்தப்பா சலித்துப்போய் அரைக் கிலோமீட்டர் பின்தங்கிவிட்டார். பத்து நிமிடத்தில் சேர வேண்டியவர்கள் அரைமணி நேரமாகியும் சேரவில்லை. அந்தப் பக்கம் மஸ்னாவின் வீட்டில் ரெண்டாங் கறி ஆறிக்கொண்டிருந்தது. வெள்ளை பாஜு சட்டையும் இடுப்பில் சரிகைத் துணியும் கட்டித் தயாராக இருந்த சப்ரி, விருந்தாளிகள் வழி தவறிவிட்டார்களோ என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு எதிர்கொண்டு அழைத்துவரக் கிளம்பினான். ஒரு கெட்டவன் செய்கிற காரியமா அது?

பத்ருல் அவனைப் பார்த்தான். தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள், அதன்மேல் ஒரு வெள்ளைச் சட்டை. வண்டி கிட்டே வரவர அந்தச் சட்டை ஒரு கையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தது. பிறகு மெல்ல ஒதுங்கியது, இன்னும் ஒதுங்கியது, முழுக்க ஒதுங்கிவிட்டது. எவ்வளவு பணிவான மனிதன் என்று பத்ருல் நினைத்தான். ஹார்னை ஒரு தட்டுத் தட்டி நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

வேன் அந்த இடத்துக்கு வந்தபோது, மதகுக் காவலாளி யாஹ்யா டார்ச்சைக் கரையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் எதையோ தண்ணீரிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தான். வெள்ளையாக, கனமாக, ஆட்டம் போட்டுக்கொண்டு வந்தது.

"பெரிய மீனாத்தான் மாட்டியிருக்கு" என்றார் சித்தப்பா.

முச்சந்தியில் பத்ருல் வேனை முன்னே விட்டு, விளக்கை அணைத்துவிட்டு நின்றான். வேன் கம்பத்துக்குள் திரும்பியது. கால் மணி நேரம் கழித்து யாஹ்யாவின் பழைய மோட்டார் சைக்கிள் முனகிக்கொண்டு அவனைக் கடந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவனின் உடம்பிலிருந்து தண்ணீர் ஒழுகியது. இந்த ஊர்க்காரர்கள் மீனுக்காக என்னவெல்லாம் செய்கிறார்கள் என்று பத்ருல் தலையை ஆட்டிக்கொண்டான்.

இன்னும் இருபது நிமிடம் போனது. போன் வரவில்லை. உள்ளே என்ன பேசுகிறார்கள்? சித்தப்பா வழக்கப்படி, தோட்டத்தில் பூ ஒன்று இருக்கிறதாமே, அதற்கு உடையவர் யாராவது உண்டா என்று சுற்றி வளைத்துப் பெண் கேட்டு முடித்திருப்பாரா? சப்ரி தலையசைத்திருப்பானா? மூன்று வருடம் காத்திருந்தவனுக்கு அந்த இருபது நிமிடம் தாங்கவில்லை. தூறல் வேறு விழுந்தது. வாசல்வரை போய்த் திரும்பினால் யாருக்கு என்ன நஷ்டம்? பொத்தானை அழுத்தினான். வலது கண் விழித்தது, இடது கண் யோசித்து விழித்தது. அவன் மஸ்னாவின் முற்றத்துக்குள் திரும்பினான்.

வெளிச்சம் வலது பக்கமாக ஏறி வீட்டு முகப்பை அப்படியே பிடித்தது. அங்கே உலர்ந்த கைலியில், தலையில் துண்டோடு, சூடான காப்பியை வாய்க்குக் கொண்டுபோன சப்ரி காப்பியைச் சித்தப்பாவின் மடியில் கொட்டினான்.

"யா அல்லா! இதே வெளிச்சம்! இதே வெளிச்சந்தான்! லாரின்னு நெனச்சேனே!"

காக் லோங் கண்ணை மூடிக்கொண்டாள். வெளிச்சத்துக்காக மட்டும் இல்லை.

மஸ்னா படியிறங்கி வந்தாள். நெற்றியில் கையை வைத்து மறைத்தபடி, "மொதல்ல அத அணைங்க" என்றாள்.

அணைத்தான். இருட்டில் எல்லாருக்கும் கொஞ்ச நேரம் பச்சையாகப் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது.

"அண்ணன் வாய்க்கால்ல விழுந்தத நீங்க பாக்கலையா?"

"பாத்தேன்" என்றான் பத்ருல். பொய் சொல்லத் தெரியாதவன். அந்த ஒரு பாராட்டை அவனுக்குக் கொடுத்துவிடலாம். "ஒதுங்கினாரு. எனக்கு வழி விடுறாருன்னு நெனச்சேன்."

"உங்களுக்கு எதுக்கு வழி விடணும்?"

"எல்லாரும் விடுறாங்க மஸ்னா. லைட்டப் பாத்து."

யாஹ்யாவுக்குச் சிரிப்பு வந்து தூணுக்குப் பின்னால் போனான். சப்ரி சிரிக்கவில்லை. ஆனால் அவன் சொன்னது, உடம்பில் வாய்க்கால் சேறு காயாத ஒரு மனிதன் சொல்லக்கூடியதில் மிகப் பெருந்தன்மையானது.

"சரி, விடு. விழுந்தது விழுந்தாச்சு. நாளைக்கே அந்த லைட்டக் கழட்டி எறி. பழச மாட்டிக்கிட்டு வா. மோதிரத்தை இப்பவே வாங்கிக்கிறேன்."

எல்லார் கண்ணும் பத்ருல் மேல். காக் லோங் தட்டைக்கூடக் கையில் எடுத்துவிட்டாள். சரிங்க அபாங் என்று அண்ணனுக்குச் சொல்லும் இரண்டு வார்த்தை போதும். வாய் இல்லாத கன்றுக்குட்டிகூட அந்த நேரத்தில் தலையை ஆட்டியிருக்கும்.

"அபாங், கழட்ட வேண்டியதில்ல" என்றான் பத்ருல். "ஒரு சின்னத் திருகாணிதான். நாலு சுத்து கீழ எறக்கினாப் போதும். பாருங்க, பழைய லைட்டு மஞ்சளா எரியும், அம்பது மீட்டருக்கு மேல ஒண்ணும் தெரியாது. இது எறநூறு மீட்டர் அடிக்கும். இப்ப நீங்களே வந்தீங்க, எவ்வளவு தூரத்துல உங்களப் பாத்தேன் தெரியுமா? சட்டைப் பித்தான்கூடத் தெரிஞ்சுது…"

"வாய மூடுடா" என்றாள் காக் லோங், மிக மெதுவாக.

அவன் மூடவில்லை. பின்விளக்கைப் பற்றியும் சொன்னான். முப்பதாயிரம் மணி நேரம் எரியும், நம் காலத்துக்கும் மாற்ற வேண்டாம் என்றான். நடுவில் மஸ்னா உள்ளே போனதை அவன் கவனிக்கவில்லை. அவள் வெற்றிலைத் தட்டையும் கேக்கையும் பழத்தையும் கொண்டுவந்து ஒவ்வொன்றாக வேனில் ஏற்றினாள். மோதிரத் தட்டைக் காக் லோங்கின் கையிலிருந்து வாங்கி அதையும் ஏற்றினாள். சோற்றை மட்டும் வைத்துக்கொண்டாள். முட்டை எல்லாம் உடைந்திருந்தது, திருப்பிக் கொடுத்தால் நன்றாக இருக்காது.

"காக், மழை பெருசாகுறதுக்குள்ள கெளம்புங்க" என்றாள். "அவர் பேசி முடிக்க நேரமாகும்."

காக் லோங் திரும்பும்போது அழுதாள் என்று அத்தைகள் சொன்னார்கள். அவள் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. கண் கூசியது என்கிறாள். பத்ருல் மறுநாள் காலையிலேயே பட்டறைக்குப் போய் விளக்கைக் கழற்றச் சொன்னான். கழற்றியதைப் படம் எடுத்து மஸ்னாவுக்கு அனுப்பினான். அவள் பார்த்தாள், பதில் போடவில்லை. பிறகு பழைய விளக்கை மாட்டிக்கொண்டு மூன்று மாலை அந்த வாய்க்கால் சாலையில் மேலும் கீழும் போனான். ஒருவரும் அவனைப் பார்த்து மின்னவில்லை.

நோன்புப் பெருநாள் கழிந்த இரண்டாவது மாதம் மஸ்னாவுக்கும் மதகுக் காவலாளி யாஹ்யாவுக்கும் நிக்காஹ் நடந்தது. சப்ரி இரண்டே நிமிடத்தில் சம்மதம் சொன்னானாம். காக் லோங்கும் அழைப்பை மதித்துப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, ரெண்டாங்கில் உப்பு போதவில்லை என்று வந்து தெருவில் சொன்னாள். பத்ருல் சித்தியவானுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். போன வருடம் அங்கே கருவாட்டு வியாபாரம் செய்யும் ஒரு விதவையை மணந்தான். அவளுக்கு ஏற்கெனவே மூன்று பிள்ளைகள், சொந்தமாக ஒரு வேன். ஓட்டுவது அவள்தான்.