சாவது எப்படி என்ற பக்கம்

புரோட்டான் கதிர் பட்ட செல்கள் மறுநாள் நண்பகலுக்குள் ஆய்வகப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். கிழிந்ததைத் தைத்துக்கொண்டவை இடது கட்டத்தில் போடும். தைக்க முடியாதவை வலது கட்டத்தில் போட்டுவிட்டுச் செத்துவிடும். இந்த விஷயத்தில் செல்கள் நம் ஆட்களைப் போல இழுத்தடிப்பதில்லை.

அன்று மற்றவை எல்லாம் இடது கட்டத்தில் போட்டுவிட்டன; ஒரு செல் மட்டும் வரவில்லை. ஆய்வாளர் பூங்கோதைக்குப் பகீரென்றது. சரியாகாமலும் சாகாமலும் இருக்கும் செல் பெருகும்; பெருகினால் அதற்குப் பெயர் புற்றுநோய். போதாக்குறைக்கு, வழக்கமான செல்கள் கெட்டுப்போனதால், அவசரத்துக்குத் தன் கைத்தோலையே சுரண்டிக் கொடுத்திருந்தாள்.

வராத செல் கண்ணாடித் தட்டின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. கதிர்க்கருவியை இயக்கும் சகாயராஜ் பதிவேட்டோடு வந்து நின்றார்.

"மணி பதினொண்ணே முக்கால், மேடம். எந்தக் கட்டத்துல போடட்டும்?"

"தைச்சதெல்லாம் தாறுமாறாப் போச்சுக்கா," என்றது செல். "சரி, செத்துடலாம்னு மரபணுப் புத்தகத்தைப் பார்த்தா, எப்படிச் சாகணும்னு எழுதின பக்கத்தை மட்டும் காணோம். கதிர் பட்டு எங்கேயோ பறந்திருக்கும். உங்ககிட்டயும் அதே புத்தகம்தானே? படிச்சுக் காட்டுங்க. கேட்டுட்டுப் போய்ச் சேர்ந்துடறேன்."

நியாயமான கோரிக்கைதான். பூங்கோதை சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கைத் தோலை நகத்தால் நெம்பித் தன் புத்தகத்தை எடுத்தாள். எச்சில் தொட்டுப் பதினேழாம் அத்தியாயம் வரை புரட்டினாள்.

அந்தப் பக்கம் இல்லை. கிழிந்த ஓரம்தான் இருந்தது, அதுவும் பழுப்பேறி. கதிர் பாய்ச்சியது நேற்று. இதுவோ முப்பத்தெட்டு வருஷப் பழுப்பு. அவள் வயதும் அதுதான்.

உடம்பில் ஒரு செல்லுக்குக்கூடச் சாகத் தெரியாமல்தான் இத்தனை காலம் பேருந்து ஏறி வேலைக்கு வந்திருக்கிறாள்.

"இருக்கா, அக்கா?" என்றது செல்.

"இல்ல. எனக்கும் இல்ல."

சகாயராஜ் பதிவேட்டை மூடினார். கேன்டீனுக்குச் சொல்லி அனுப்புகிற நேரம்.

"உங்களுக்கு எத்தனை சாப்பாடு சொல்லட்டும், மேடம்?"

பூங்கோதை தட்டைப் பார்த்தாள். அதற்குள் செல் இரண்டாகியிருந்தது.

"மூணு," என்றாள். பிறகு ஒரு கணம் யோசித்தாள். "வந்து சேர்றதுக்குள்ள பத்தாமப் போயிடும். அஞ்சாவே சொல்லிடுங்க."