பாலை மரத்துச் சின்னவன்

தேவாங்கு லெமூர் அல்ல. இதை நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், பேருந்தில் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவை மெதடிஸ்த ஆலயத்துக் கலியாண விருந்தில் மாப்பிள்ளையின் தகப்பனாரிடமும் சொல்லியிருக்கிறேன். இரண்டும் ஈரமூக்குக்காரர்கள், தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான். லெமூர்களில் நூறு வகை அளவில் உண்டு, அத்தனையும் மடகாஸ்கரில். பக்கத்துக் கொமொரோஸ் தீவுகளில் கொஞ்சம் திரிகின்றன. அவை மனிதர்கள் வள்ளத்தில் கொண்டுபோய் விட்டவை என்பதால் கணக்கில் சேர்ப்பதில்லை. நம்மிடம் இருப்பது தேவாங்கு. தென்மேற்கின் ஈரக் காடுகளில் செந்தேவாங்கு, மற்ற வறண்ட பக்கமெல்லாம் சாம்பல் தேவாங்கு. இதில் குழம்ப என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

2007 தொடக்கத்தில் நான் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் உதவி விரிவுரையாளர். கிழக்கில் சாம்பல் தேவாங்கு எங்கெங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் புள்ளி வைக்கும் வேலை என் தலையில் விழுந்திருந்தது. சண்டை நடக்கும் காட்டுக்குள் யார் போவது? மட்டக்களப்பு வாவியைச் சுற்றி என் வரைபடம் வழித்துத் துடைத்த தட்டு மாதிரி வெறுமையாகக் கிடந்தது.

அந்த நேரம் பார்த்து, நாவற்குடாவில் என் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்திலிருந்த அகதி முகாமில் வேப்பமரத்துக்கு ஆட்கள் கல்லெறிகிறார்கள் என்று செய்தி வந்தது. வாகரைப் பக்கமிருந்து இடம்பெயர்ந்த சனம் அங்கே கூடாரங்களில் இருந்தது. முகாமில் தொண்டு வேலை செய்த ஜெயராஜாதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

"தேவாங்கு கத்தினா வீட்டுக்கு ஆகா எண்டு சனம் பயப்பிடுது மிஸ். இது லெமூரியாக் கண்டத்து மிருகம்தானே? அந்தக் கண்டத்தையும் கடல்தானே கொண்டுபோன?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லெமூர் மாதிரி எலும்புகள் இந்தியாவிலும் மடகாஸ்கரிலும் கிடைத்ததைப் பார்த்து, நடுவில் ஒரு நிலம் இருந்திருக்கலாம் என்று ஒரு வெள்ளைக்காரர் ஊகித்தார். பிறகு கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்ததும் அந்த ஊகத்தை விஞ்ஞானம் கைவிட்டது. நாங்கள்தான் அதைத் தூக்கி மடியில் கட்டிக்கொண்டோம். இவ்வளவையும் மரத்தடியில் நின்றபடியே ஜெயராஜாவுக்குச் சொன்னேன். அவர் "ஓம் மிஸ், ஓம் மிஸ்" என்றார். நம்பவில்லை.

பட்டப்பகலில் அது பந்தாகச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. கையுறை போட்டுப் பிடித்தேன். நல்ல சாம்பல் நிறம், வலக் காதின் ஓரம் கிழிந்திருந்தது. நகரத்தை ஒட்டி, கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒரு தேவாங்கு! வீட்டுக்குக் கொண்டுவந்து கூண்டில் விட்டு, அளந்து, நாவற்குடாவில் ஒரு புள்ளி வைத்தேன். ஆய்வுக்குப் பொறுப்பான பேராசிரியருக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "விலங்கைக் கைவிட்டுவிடாதீர்கள், நானே வருகிறேன்" என்றார். அவர் தானாக எங்கும் வருகிறவர் அல்ல. நான் மிதப்பில் இருந்தேன்.

மறுநாள் பின்னேரம் ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு பால்மாத் தகரப் பேணி.

"புள்ள, நீங்கதான் தேவாங்கு புடிச்ச மிஸ்ஸா?"

"ஓம். என்ன விஷயம்?"

"அது எங்கட. என்ட மகன்ட. சின்னவன் எண்டு பேர்."

அவள் பெயர் கண்ணகை, ஊர் பனிச்சங்கேணி. தேவாங்கை வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்று நான் தொடங்கினேன்.

"வளக்கல்ல கா. அது எங்கட வளவு மரத்தில இரிந்த. நாங்க மரத்துக்குக் கீழ இரிந்த."

பேணியைத் திறந்து ஒரு வெட்டுக்கிளியை எடுத்து, கூண்டுக் கம்பிக்கு ஊடாக நீட்டி, நாக்கால் ஒரு சத்தம் போட்டாள். முதல் நாள் முழுக்க என்னைப் பார்த்து உறுமிய பிராணி மெல்ல வந்து அதை வாங்கித் தின்றது. என் புள்ளி அந்த இடத்திலேயே செத்துப்போனது.

நிலத்தில் உட்கார்ந்துகொண்டு கதை முழுவதையும் சொன்னாள். சுனாமியில் கடல் வந்த அன்று அவளுடைய மகன் ஜெயரூபன் வளவுப் பாலை மரத்தில் ஏறித் தப்பியிருக்கிறான். மேல் கொப்பில் இதுவும் இருந்திருக்கிறது. "ரெண்டு பேரும் ஆள ஆள் முழிச்சிப் பாத்துக்கொண்டு இரிந்த எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்." அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அதற்கு வெட்டுக்கிளி பிடித்துக் கொடுப்பது அவன் வேலை. போன வருடக் கடைசியில் ஊரே ஓடிய நாளில், வாவியைக் கடக்க வள்ளம் பார்த்துவருகிறேன் என்று போனான். வரவில்லை. தேடிப் போகவும் வழியில்லை. ஷெல் பட்டு முறிந்த கொப்போடு சின்னவன் கீழே விழுந்து கிடக்க, இவள் அதை மீன் போடும் ஓலைப்பையான உமலுக்குள் போட்டுத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள். முகாமில் உமலிலிருந்து தப்பி வேப்பமரத்தில் ஏறிவிட்டது.

"அவ்வளவு ஓட்டத்தில இத ஏன் அக்கா தூக்கின?"

"அவன் வந்து கேட்டா நான் என்ன சொல்ற?"

கொமொரோஸ் தீவு லெமூர்களைப் பற்றி வகுப்பில் வாய் கிழியப் பேசுகிறவள், கூடாரமடித்து இருக்கிற சனத்துக்கு நடுவில் பிடித்த தேவாங்கு எப்படி அங்கே வந்தது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் அடுத்ததைப் பட்டென்று சொல்லியிருப்பேன்.

"அக்கா, இது சின்னவன் இல்ல. பொம்புள."

"ஆரு சொன்ன?"

"நான் பாத்தன். வெளிப்பார்வைக்கு ஆண் மாதிரித்தான் தெரியும். படிச்ச ஆக்களே பிழை விடுறவங்க."

அவள் எழுந்துவிட்டாள். முகம் கறுத்துப்போனது. "என்ட புள்ள ஆம்புள எண்டுதான் சொன்னவன். நீங்க படிச்சிரிப்பீங்க. அவன் இதோட இரிந்தவன். மறுகா இந்தக் கதய எடுக்காதீங்க."

சரி என்றேன். மகன் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட விட்டுக்கொடுக்க அவள் தயாராயில்லை. அவளிடம் மிஞ்சியிருந்தது அந்தச் சொற்கள்தான் என்பது எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

பேராசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். "அப்படியென்றால் அது வெறும் தேவாங்கு" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். வனசீவராசி அலுவலகத்தில் கேட்டால், ஏதாவது ஒரு காட்டில் விடச் சொன்னார்கள். கண்ணகையிடம் சொன்னதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேற காட்டில விடாதீங்க புள்ள. வீடுமில்ல, வேலியுமில்ல எண்டு போய்ப் பாத்த ஆக்கள் சொல்றாங்க. என்ட மகன் வந்தா எத வெச்சி வளவக் கண்டுபுடிக்கிற? அந்தப் பாலையும் அதில இதுவும் இரிந்தாத்தான் அவனுக்கு இடம் புடிபடும்."

விஞ்ஞானத்தில் இதற்கு ஒரு பதிலும் இல்லை. ஆனால் பிடித்த இடத்திலேயே திரும்ப விடு என்பது எங்கள் வேலையின் முதல் பாடம். இது பிடிபட்ட இடம் நாவற்குடா அல்ல, பனிச்சங்கேணிப் பாலை. அப்படியே அலுவலகத்தில் வாதாடி அனுமதி வாங்கினேன்.

வாகரைச் சனத்தைத் திருப்பி அனுப்பத் தொடங்கியபோது நானும் பேருந்தில் ஏறினேன். சோதனைச்சாவடியில் ஒரு சிப்பாய் கூண்டுத் துணியைத் தூக்கிப் பார்த்தான். இரண்டு பெரிய கண்கள் அவனைப் பார்த்தன. துள்ளிப் பின்வாங்கி, "உணஹபுளுவா!" என்று தேவாங்கின் சிங்களப் பெயரைச் சொல்லிக் கத்தினான். மற்றச் சிப்பாய்களும் ஓடிவந்து பார்த்துச் சிரித்தார்கள். அன்று அந்தப் பேருந்தில் வேறு எவருடைய பையையும் அவர்கள் கிண்டவில்லை.

வளவில் சீமெந்துத் தரை மட்டும் மிஞ்சியிருந்தது. பாலை ஒரு பக்கக் கொப்பை இழந்து நின்றது. பொழுது சாய்கிற நேரம் கூண்டைத் திறந்தேன். அவசரம் என்பதே அறியாத பிராணி. ஒவ்வொரு கையாக வைத்து ஏறி இலைக்குள் மறைந்தது. கண்ணகை கழுத்து நோக மேலே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இனி வந்தானெண்டா கண்டுபுடிப்பான்," என்றாள்.

நாவற்குடாப் புள்ளியை அழித்து, பனிச்சங்கேணியில் வைத்தேன்.

அடுத்த தடவை நான் அங்கே போனது 2009 ஆகஸ்டில். யுத்தம் முடிந்துவிட்டது என்று அறிவித்து மூன்று மாதம். காடுகளுக்குள் போக அனுமதி கிடைக்கத் தொடங்கியிருந்தது. கண்ணகை, யுத்தத்தின் கடைசியில் தப்பி வந்த சனத்தை வைத்திருந்த வவுனியா முகாம்களுக்கெல்லாம் மகனின் படத்தைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு, வெறுங்கையோடு திரும்பியிருந்தாள். தரைக்கு மேல் தகரக் கொட்டில் ஒன்று போட்டிருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். தேநீர் தந்தாள், மகன் பேச்சை எடுக்கவில்லை. நான் கேட்டபோதும் முகத்தைத் திருப்பி அடுப்பைப் பார்த்துக்கொண்டாள்.

"சின்னவனக் காணுறீங்களா அக்கா?"

"கத்துறது கேக்கும். எனக்கு இப்ப தூரத்தில கண் தெரியிறல்ல."

இருட்டத் தொடங்க, சிவப்புத் தாள் ஒட்டிய என் டோர்ச்சை மரத்துக்கு அடித்தேன். நெருப்புத் துண்டுகளாக இரண்டு கண்கள். கொஞ்சம் கீழே இறங்கியதும் கிழிந்த வலக் காது தெரிந்தது. வயிற்றோடு ஒட்டிக்கொண்டு இரண்டு குட்டிகள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். இந்தக் கதையை மறுபடி எடுக்கமாட்டேன் என்று ஒத்துக்கொண்டவள் நான்.

"என்ன, பேசாம நிக்கிறீங்க? அதுக்கு என்னவும் நடந்திட்டா?" கண்ணகை மரத்தடிக்கே வந்துவிட்டாள்.

"ஒண்டும் இல்ல. நல்லா இருக்குது. அதே காதுதான்."

டோர்ச்சை அவள் கையில் கொடுத்து, என் தொலைநோக்கியை அவள் கண்ணில் வைத்துப் பிடித்தேன். வெகுநேரம் பார்த்தாள்.

"ரெண்டு குட்டி," என்றாள்.

"ஓம்."

"அப்ப இது பொம்புள."

கோபிப்பாள் என்று பயந்தேன். அவளோ சத்தமாகச் சிரித்தாள். அவள் சிரித்து நான் கண்டது அன்றுதான். "என்ட புள்ள பிழையாச் சொல்லிப்போட்டான் கா! ஆம்புள ஆம்புள எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சவன்." தொலைநோக்கியை என்னிடம் தந்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "வரட்டும் அவன். வந்த ஒடன முதல் வேலையா இதத்தான் சொல்லணும்."