திண்டிவனம் ஒண்ணு

"ஜன்னலாண்ட ஒக்காரு. பைய மடியில வெச்சிக்கோ. வண்டிய எடுக்கறதுக்குள்ள எறங்கிடணும், செரியா?" என்றான் ராஜ்குமார். விழுப்புரம் பேருந்து நிலையத்தில் திண்டிவனம் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. சங்கவி பையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். கீழே கொழுந்தன் பிரவீன்குமார் போனை உயர்த்திப் பிடித்திருந்தான்.

கோலியனூரில் தங்கள் வீட்டுக் கூடத்திலேயே அவர்கள் எடுக்கிற நகைச்சுவைத் தொடருக்கு 'எங்கூட்டு பேஜாரு' என்று பெயர். ஞாயிறுதோறும் யூடியூபில் வரும். கத்திக்கொண்டே இருக்கிற மனைவி சங்கவி. எழுதுவதும் புருஷனாக நடிப்பதும் அவள் புருஷன் ராஜ்குமாரேதான். ஆரம்பத்தில் சிரிப்பை அடக்க முடியாமல் அவளே எத்தனையோ காட்சிகளைக் கெடுத்திருக்கிறாள். பிறகு அவனுக்குக் கதை தீர்ந்துபோயிற்று. அவள் வீட்டில் நிஜமாகக் கோபப்பட்டுச் சொன்னதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வசனமாக வரத் தொடங்கியது. அதன் பின் அவள் கோபத்துக்கு எங்குமே மரியாதை இல்லை. ரேஷன் கடை வரிசையில் இடையில் புகுந்தவனைத் திட்டினாள். வரிசை மொத்தமும் சிரித்தது. திட்டு வாங்கியவன் பல்லைக் காட்டிக்கொண்டு அவளோடு செல்ஃபி எடுத்துக்கொண்டான்.

போன வாரம் மாடியில் துணி மடிக்கும்போது, "எங்கனா பஸ் ஏறிப் போய்ட்லாம் போல இருக்குது" என்று சொன்னாள். மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள். ராஜ்குமார் அவள் தலையைத் தடவி, "அப்பிடிலாம் பேசாத" என்றான். அன்புக்கு அவனிடம் குறையே இல்லை. மறுநாள் காலையில் 'பை கட்டிய பேஜாரு' என்று அடுத்த பகுதிக்குப் பெயர் வைத்துவிட்டிருந்தான்.

பையில் பழைய பேப்பரைத் திணித்தால் போதும் என்றுதான் சொல்லியிருந்தான். சங்கவி சுடிதார்களையும் பிரஷ்ஷையும் எடுத்து வைத்திருந்தாள்.

விசில் கேட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. வண்டி நகர்ந்தது.

"எங்கம்மா எறங்கற? ஷூட்டிங்கு எது வரைக்கும்?" என்று சிரித்தார் கண்டக்டர்.

"திண்டிவனம் ஒண்ணு."

பக்கத்தில் மல்லாட்டையை உடைத்துக் கடலையைத் தின்றுகொண்டிருந்த அம்மாள் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். "எம்மா, நீ அந்த பேஜாரு பொண்ணுதான? எம் மருமவ ஒன்னயே பாத்துக்கினு கெடப்பா" என்று ஒரு கை மல்லாட்டையை அவள் மடியில் கொட்டினாள். முன் இருக்கைகள் திரும்பின. வெளியே ராஜ்குமாரின் பைக் பஸ்ஸை ஒட்டியே வந்தது. பின்னால் உட்கார்ந்து பிரவீன் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ராஜ்குமார் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி வரிசையில் நின்றபோது பைக்கை ஓரங்கட்டிவிட்டு ஜன்னலுக்கு ஓடிவந்தான். "சூப்பரு. இப்ப எறங்கிக்க."

"நான் எறங்கல. திண்டிவனத்துக்கு, எங்கக்கா வூட்டுக்குப் போறேன். நெசமாத்தான் சொல்றேன்."

அவன் முகத்தில் சட்டென்று ஒரு பயம் தெரிந்தது. இந்த முகத்தைப் பார்த்து வெகுநாள் ஆகிவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. அப்படியே ஒரு வார்த்தை கேட்டிருந்தானானால் ஒருவேளை இறங்கியிருப்பாள். அவன் திரும்பிப் பார்த்தான்.

"பிரவீனு, எடுத்தியாடா?"

"இல்லண்ணே, வெயிலு எதுக்க அடிச்சிட்ச்சி."

"சங்கவி, இதே மொகம்தான். இன்னொரு தடவ சொல்லு."

வண்டிக்குள் கொல்லென்று சிரிப்பு எழுந்தது. சங்கவி கண்ணாடியை இழுத்து மூடினாள். அதற்கும் சிரித்தார்கள். வண்டி கிளம்பியது.

அக்கா வேணிக்குப் போன் போட்டாள்.

"பிரவீன் ஸ்டேட்டஸ்ல இப்பத்தான்டி பாத்தேன், பஸ்ஸுல ஏறிட்டியாமே" என்றாள் வேணி, சிரிப்பு அடங்காமல். "அடுத்தது இன்னா ஆவுது? எனக்கு மட்டும் சொல்லு."

"இன்னும் தெரியலக்கா" என்றாள் சங்கவி.

கூட்டேரிப்பட்டு தாண்டியது. பக்கத்து அம்மாளுக்குத் தூக்கம் வந்தது. இரண்டு முறை முன்னால் சரிந்து நிமிர்ந்த தலை மூன்றாவது முறை சங்கவியின் தோளில் வந்து நின்றது. முன்பின் தெரியாதவளின் தலை, நல்ல கனம். திண்டிவனத்தில் எல்லோரும் சாமான்களை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். படிக்கட்டு காலியாயிற்று. அந்த அம்மாள் விழித்துவிடக் கூடாதே என்பதுபோல சங்கவி தோளை அசைக்காமல், மூச்சைக்கூட மெல்ல விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.