திரையில் பூஜ்யம்

புதுக் கம்ப்யூட்டர் வந்த மறுநாளே ஜெனிலாவுக்கு அதன் மேல் வெறுப்பு வந்துவிட்டது.

தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகும் சாலையில், இறாலை உறையவைத்து ஏற்றுமதி செய்கிற கம்பெனி அது. குளிர் அறைகளின் வெப்பநிலை, கதவுகள், குளிரூட்டும் குழாய்களிலிருந்து கசியக்கூடிய அமோனியா வாயுவின் அளவு எல்லாவற்றையும் கண்ட்ரோல் ரூமில் ஒரே திரையில் கவனிப்பது அவள் வேலை. பழைய கம்ப்யூட்டரை உப்புக்காற்று தின்று தீர்த்திருந்தது. புதியது பார்க்கப் பளபளவென்று இருந்தது. ஆனால் எதைத் தொட்டாலும் நீல வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

"புது மெஷினு, இப்பவே இந்த இழு இழுக்கு?" முதலாளி சங்கரபாண்டியன் அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார். "கண்டெய்னர் கேட்டுல நிக்கி. சாயங்காலத்துக்குள்ள ஹார்பருக்குப் போயாவணும். டெம்பரேச்சர் ரிப்போர்ட்ட எடுத்துக் குடும்மா."

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன் அண்ணாச்சி."

ரீஸ்டார்ட் செய்து பார்த்தாள். தேவையில்லாத புரோகிராம்களை மூடிப் பார்த்தாள். மெமரி தாராளமாக இருந்தது. டிஸ்க் மட்டும் நூறு சதவீதத்தில் ஏறி நின்று இறங்கவே மறுத்தது. சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போன் போட்டால், மறுபடி ரீஸ்டார்ட் செய்யச் சொன்னார்கள்.

அப்போது உள்போன் அடித்தது. பிளான்ட் ஆபரேட்டர் லிங்கராஜ்.

"ஏளா ஜெனிலா, கேஸ் எவ்வளவு காட்டுது? பேக்கிங்ல லேசா வாடை அடிக்குன்னு பொம்பளையாளுவ சொல்லுதாவ."

அவள் திரையைப் பார்த்தாள். "ஜீரோதான் அண்ணே."

"சரி. அப்ப பழைய வாடையா இருக்கும்." போனை வைத்துவிட்டான்.

ஜெனிலா மறுபடியும் டிஸ்க்கோடு மல்லுக்கட்டினாள். இடையில் நிமிர்ந்தபோது, கண்ணாடி ஜன்னல் வழியாக, முற்றத்துக்கு அந்தப் பக்கம் இரண்டாம் குளிர் அறையின் பெரிய கதவு தெரிந்தது. அகலத் திறந்து கிடந்தது. ஆட்கள் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். திரையிலோ அதே கதவு பச்சையாக, மூடியிருப்பதாகக் காட்டியது.

காத்திருந்தாள். பச்சைதான். பெட்டிகள் முடிந்து, ஆட்கள் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போய்விட்டார்கள். இன்னும் பச்சைதான். இவள் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகு, திரையில் அந்தக் கதவு சிவப்பாகி, திறந்ததாகக் காட்டியது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இது மெதுவாக ஓடவில்லை. எப்போதோ நடந்து முடிந்ததை இப்போதுதான் நடப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. திரையின் மூலையில் கடிகாரம் மட்டும் சரியாக ஓடியதால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அப்படியானால், லிங்கராஜ் அண்ணனிடம் அவள் சொன்ன ஜீரோ எப்போதைய ஜீரோ?

உள்போனை எடுத்தாள். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. வெளியே ஓடினாள். வராந்தாவில் அண்ணாச்சி மறித்தார்.

"எங்கம்மா ஓடுத?"

"எல்லாரையும் வெளிய வரச் சொல்லணும் அண்ணாச்சி. ஸ்க்ரீன நம்ப முடியாது, எல்லாம் பிந்தி வருது."

"கம்ப்யூட்டர் ஸ்லோன்னா லோடிங்க நிறுத்துவாவளா? பைத்தியமா உனக்கு?"

"கேஸ் அளவும் அதுலதான வருது!"

அவர் பதில் சொல்லுமுன் அவரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். பேக்கிங் ஹாலின் கதவைத் தள்ளியதும் மூக்கில் ஊசி ஏறியதுபோல் இருந்தது. கண் பொங்கியது. பெண்கள் துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் வெளிய வாங்க! போட்டது போட்டபடி வாங்க!"

"நீதானே ஒண்ணுமில்லன்னு சொன்ன?" என்றாள் ஜீவமணி. அங்கே வெகுகாலமாக வேலை செய்பவள். சொல்லி முடிப்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. மேசையைப் பற்றியபடி மடங்கி உட்கார்ந்துவிட்டாள்.

"தப்பா சொல்லிட்டேன் அக்கா, எந்திரிங்க!" ஜெனிலா அவளை அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்கினாள். அதற்குப் பிறகு யாரும் கேள்வி கேட்கவில்லை. வாசல் நெரிந்தது. லிங்கராஜ் எங்கிருந்தோ ஓடி வந்து, முகமூடியை மாட்டிக்கொண்டு பின்பக்கக் குழாய்களை நோக்கிப் போனான்.

கேட்டுக்கு வெளியே, கண்டெய்னர் லாரிக்கு அப்பால், காற்று வீசிவருகிற பக்கமாக எல்லோரையும் நிறுத்தித் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது, ஆளில்லாத கண்ட்ரோல் ரூமில் கம்ப்யூட்டரின் கேஸ் அலாரம் பிந்தி அலறியது.

அண்ணாச்சி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

வால்வு ஒன்றில் கசிவைத் தடுக்கும் வளையமான கேஸ்கெட் கிழிந்திருந்தது. லிங்கராஜ் லைனை அடைத்துவிட்டு, கண் சிவந்து வெளியே வந்தான். ஜீவமணியை ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் வைத்துக் கொண்டுபோனார்கள்.

வாடை முழுவதும் போனதும் ஜெனிலா திரும்பி வந்து உட்கார்ந்தாள். டிஸ்க்கை எந்தப் புரோகிராம் பிடித்துவைத்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசியில் பிடிபட்டது. கம்ப்யூட்டரோடு இலவசமாக வந்த ஆன்டிவைரஸ் ஒன்று. விற்ற கடைக்காரர் தன் பங்குக்குப் போட்டுவிட்டிருந்த இன்னொன்று. சென்சாரிலிருந்து வரும் ஒவ்வொரு அளவையும் சாஃப்ட்வேர் ஒரு சின்ன ஃபைலாக எழுதும். ஒரே கேட்டில் இரண்டு வாட்ச்மேன்கள் மாறி மாறிப் பையைப் பிரித்துப் பார்ப்பதுபோல, இரண்டும் ஒவ்வொரு ஃபைலையும் திறந்து திறந்து சோதித்திருக்கின்றன. வெளியே வரிசை நீண்டுகொண்டே போயிருக்கிறது. ஒன்றைக் கழற்றி எறிந்தாள். மற்றதிடம், இந்த ஃபோல்டரைத் தொடாதே என்று செட்டிங்கில் போட்டாள். டிஸ்க் மளமளவென்று இறங்கியது.

"சரியாயிட்டா?" அண்ணாச்சி கேட்டார். குரல் தணிந்திருந்தது. "அப்ப ஆளுவள உள்ள வரச் சொல்லு. வால்வும் மாத்தியாச்சு."

ஜெனிலா கேட்டுக்குப் போய்ச் சொன்னாள். ஒருத்தியும் அசையவில்லை.

"கம்ப்யூட்டர் சொல்லுதத கேட்டு இனி உள்ள போவ மாட்டோம்," என்றாள் ஒருத்தி. "கேஸ் வந்தா அங்கனயே மணி அடிக்கணும். அது வரட்டும், வாரோம்."

அது நியாயம்தான் என்று ஜெனிலாவுக்குப் பட்டது. கம்ப்யூட்டரைத் தொடாமல், சென்சாரிலிருந்தே நேராக ஒரு சைரனுக்கு வயர் இழுக்க முடியும். லிங்கராஜுக்கு அரைநாள் வேலை. இதை முன்பே யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

"என்ன, வாராவளா?" வராந்தாவிலிருந்து அண்ணாச்சி கத்தினார்.

"சைரன் வைக்கணுமாம் அண்ணாச்சி. வச்சப்புறம் வாரோம்."

வாராவ என்று அவர்களைப் பிரித்துச் சொல்லவில்லை, வாரோம் என்று தன்னையும் சேர்த்துத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, சுவரோரம் நிழல் பார்த்து அவர்களோடு உட்கார்ந்துகொண்டாள். கண்டெய்னர் டிரைவர் எஞ்சினை அணைத்தார். அண்ணாச்சி லாரியையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "ஏலே லிங்கராஜ், வயரு எத்தன மீட்டரு வேணும்னு பாரு" என்றார்.