லியோனார்ட் கண்டுபிடித்த உணவகங்கள்

லியோனார்டுக்கு வேறு எது தெரியாவிட்டாலும், எங்கே சாப்பிட வேண்டும் என்பது தெரியும். அதாவது, அவனுடைய கைப்பேசிக்குத் தெரியும். பள்ளி விடுமுறைக்கு மனைவி வனஸ்ஸாவையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கோலாலம்பூரிலிருந்து மலைமேல் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவன், தங்கை கத்தரீன் விடியற்காலையில் எழுந்து வைத்த கோழிக்குழம்பை மூடி திறந்துகூடப் பார்க்கவில்லை.

"சமையல் கிமையல்லாம் வேணாம்லா. பிள்ளைங்களோட ஹாயா வெளிய சாப்புடலாம். மூணு கடை பாத்து வெச்சிருக்கேன். எல்லாமே பேமிலி ரெஸ்டோரன்."

கத்தரீன் தோட்டத்துப் பாலர் பள்ளியில் உதவி ஆசிரியை. இருபத்திரண்டு சிறுசுகளைத் தினமும் உட்காரவைத்துச் சாப்பிட வைக்கிறவள். பிள்ளைகளோடு 'ஹாயா' என்று சொல்ல, ஒரு பிள்ளைக்கும் மூக்குத் துடைத்திராத ஆளால்தான் முடியும் என்று நினைத்துக்கொண்டாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை வருகிற அண்ணன். கணவன் ராய்ஸ்டனுக்கோ தேயிலைத் தொழிற்சாலையில் பகல் ஷிப்ட். குழம்பைக் குளிர்பெட்டியில் தள்ளிவிட்டு, நாலு வயது மகன் ஏட்ரியனைக் கையில் பிடித்துக்கொண்டு காரில் ஏறினாள்.

கியா பார்ம் வளைவில் கார்கள் நகரவேயில்லை. ஸ்ட்ராபெர்ரி வாங்க வந்த கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னிருக்கையில் வனஸ்ஸா, பதினோரு மாதக் குழந்தை மிஷாவை மடியில் ஆட்டிக்கொண்டே, மூன்று வயது ஜோவனுக்குப் பிஸ்கட்டை உடைத்துக் கொடுத்தாள்.

"காடியில தூள் கொட்டாதே," என்றான் லியோனார்ட் மனைவியிடம், காரின் கண்ணாடியில் பார்த்தபடி. இத்தனை வளைவு தாண்டி வந்ததில் பின்னிருக்கையில் இருந்தவர்களிடம் அவன் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

முதல் கடையில் குழந்தை நாற்காலி இரண்டு இருந்தன. ஒன்றில் பூந்தொட்டி. இன்னொன்றில் கல்லாக்காரியின் கைப்பை. இடம் கிடைக்க ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள்.

இரண்டாவது ஸ்டீம்போட் கடை. மேசைக்கு மேசை நடுவில் அடுப்பு, அதன்மேல் தளதளவென்று கொதிக்கிற சட்டி. பிள்ளைகள் விளையாடும் இடம் எங்கே என்று கேட்டதற்குப் பரிமாறுகிறவன் பின்பக்கம் கைகாட்டினான். அங்கே சமையல் கேஸ் தோம்புகளுக்குப் பக்கத்தில் மழைநீர் தேங்கிய பிளாஸ்டிக் சறுக்கு ஒன்று கிடந்தது.

"நாலரை ஸ்டார் போட்டிருக்காங்களே!" என்று லியோனார்ட் கைப்பேசியைத் தட்டினான்.

"போட்டவனுக்குப் பிள்ள இருந்திருக்காது," என்றாள் கத்தரீன்.

மூன்றாவது, சரிவில் இருந்த ஒரு தேநீர் விடுதி. வாசலில் ரோஜாச் செடிகள், உள்ளே எரியாத கணப்பு, வெள்ளைக்காரத் துரைகளின் பழைய படங்கள். கதவில் சிரிக்கிற கரடி ஒன்று, குழந்தைகளை வரவேற்கிறோம் என்ற பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றது. 'நான் சொன்னேனா இல்லையா' என்பதுபோல் லியோனார்ட் திரும்பிப் பார்த்தான்.

உட்கார்ந்து கால்மணி நேரத்தில் ஜோவன் கரண்டியை இரண்டு தடவை கீழே போட்டான். மிஷா பசியில் வீறிட்டாள். மூன்றாவது தடவை கரண்டி விழுவதற்குள், கழுத்துப்பட்டை கட்டிய மேலாளர் வந்து குனிந்தார். மற்ற விருந்தினர்களுக்குத் தொந்தரவாக இருக்கிறதாம். பிள்ளைகளை வெளி வராந்தாவில் வைத்துக்கொள்ளலாமாம். வராந்தாவில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. நாற்காலிகளில் தண்ணீர் நின்றது.

வழியெல்லாம் மற்ற கார்க்காரர்களை ஏசிக்கொண்டு வந்த லியோனார்ட், அந்தக் கழுத்துப்பட்டைக்கு முன்னால் பாதியாகச் சுருங்கினான். "சாரி, சாரி" என்று நாலு தடவை சொன்னான். பிறகு மனைவி பக்கம் திரும்பினான்.

"நீ பிள்ளைங்கள கூட்டிட்டுப் போயி காடியில ஒக்காரு. ஆர்டர் குடுத்தாச்சுலா. நான் சாப்ட்டு ஒனக்கு ஒரு பொட்டலம் தப்பாவ் பண்ணிட்டு வந்துர்றேன்."

வனஸ்ஸா உடனே எழுந்தாள். ஒரு தோளில் பை, ஒரு இடுப்பில் மிஷா, மிச்சமிருந்த கையில் ஜோவன். முகத்தில் கோபம்கூட இல்லை. இப்படிப் பல மேசைகளிலிருந்து எழுந்து பழகிப்போனவள் அவள். அண்ணன் சொன்னதைவிட அந்தப் பழக்கம்தான் கத்தரீனைச் சுட்டது. சின்ன வயதில் இவனுக்கா தன் பங்கு மீனை எடுத்து வைத்தோம் என்று வெட்கமாக இருந்தது.

கையை நீட்டினாள். "சாவிய குடுங்கண்ணே."

"எதுக்கு?"

"காடியில ஒக்காரணும்னா தொறக்க வேணாமா?"

அப்போதுதான் வந்திருந்த கேக்கைப் படம் பிடித்துக்கொண்டிருந்தவன், நிமிராமலே சாவியை நீட்டினான்.

பிள்ளைகளை ஏற்றி, இருக்கை வார்களை மாட்டி, கத்தரீன் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தாள். ராய்ஸ்டனின் பழைய வேனையே இந்த மலையில் ஓட்டுகிறவளுக்கு இந்தக் கார் ஒன்றும் பெரிதில்லை. இறக்கத்தில் திருப்பியபோதுதான் வனஸ்ஸாவுக்கு விளங்கியது.

"கத்தரீன், அவரு..."

"அவரு ஹாயா சாப்புடட்டும் அண்ணி."

தானா ராத்தாவில், பஸ் நிலையத்துக்கு எதிர்வரிசையில் அஸார் கடை. அண்ணனின் கைப்பேசியில் அந்தக் கடைக்கு என்ன எழுதியிருந்தது என்று கத்தரீனுக்குத் தெரியும். காலையிலேயே அவள் அந்தக் கடையைச் சொன்னபோது லியோனார்ட் வாசித்துக் காட்டி முகம் சுளித்திருந்தான்: இரைச்சல், முதலாளிக்கு மரியாதை தெரியாது, குடும்பத்துக்கு ஏற்றதல்ல.

மரியாதை தெரியாது என்பது உண்மைதான். ஜோவன் நாற்காலிமேல் ஏறி நின்றதும் அஸார் கல்லாவிலிருந்தே கத்தினார். "டேய், எறங்குடா! விழுந்தா பல்லு போயிரும்."

ஜோவன் சட்டென்று உட்கார்ந்தான். காலையிலிருந்து பெரிய ஆள் ஒருவர் அவனிடமே பேசியது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரத்தில் ஒரு கிளாஸ் மைலோவைக் கொட்டினான். அஸார் வந்து துணியை அவன் கையில் கொடுத்தார். "நீதானே ஊத்துன? நீயே தொடை." அவனும் நாக்கைத் துருத்திக்கொண்டு மும்முரமாகத் துடைத்தான். ஏட்ரியனும் ஒரு துணி கேட்டு வாங்கிக்கொண்டான்.

அஸாரின் மனைவி ஆரிஃபா, காரம் சேர்க்காத பருப்பும் அவித்த முட்டையும் குழைந்த சோறும் ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தாள். "கைப்பிள்ளைய குடுங்க, நீங்க மொதல்ல சாப்புடுங்க" என்று மிஷாவை வாங்கிக்கொண்டாள். வனஸ்ஸா மீன்கறியைச் சோற்றில் பிசைந்து, தலை நிமிராமல் சாப்பிட்டாள். மேசைமேல் அவளுடைய கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது. ஏழாவது தடவை அடித்தபோது இடது கையால் அதைக் குப்புறக் கவிழ்த்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து, டாக்சியில் வந்து இறங்கினான் லியோனார்ட். காலையில் தங்கை சொன்ன கடைதான் என்று கண்டுபிடிக்க அவ்வளவு நேரம் ஆகியிருந்தது அவனுக்கு.

"என்னா நெனச்சிக்கிட்டிருக்க நீ?" என்று தங்கையிடம் பாய்ந்தான். "அவ்ளோ பேரு முன்னாடி என் மானம் போச்சு!"

"பெத்த பிள்ளைங்கள வெளிய தொரத்துனப்ப போகாத மானமா, டாக்சி புடிச்சதுல போயிருச்சு?"

பக்கத்து மேசையில் ஒருவர் இருமினார். லியோனார்ட் உதவிக்கு மனைவியைப் பார்த்தான். வனஸ்ஸா கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஆரிஃபாவிடமிருந்து மிஷாவை வாங்கி அவன் மடியில் உட்கார வைத்தாள். கிண்ணத்தை அவன் முன்னால் நகர்த்தினாள்.

"அவ இன்னும் பாதிதான் சாப்ட்டிருக்கா. ஊட்டுங்க."

லியோனார்ட் கிண்ணத்தைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தி, "இவ... முட்ட திம்பாளா?" என்று கேட்டான்.

பதினோரு மாதமாக அவளுக்குத் தகப்பன். கத்தரீன் சிரித்தேவிட்டாள். அதில் இரக்கம் ஒரு துளியும் இல்லை.

"திம்பா," என்றாள் வனஸ்ஸா. "தெனம் காலைல அதான் திங்கிறா, ஒங்க முன்னாடியே." ஒரு கோப்பை தே தாரே தேநீர் சொல்லி வாங்கிக்கொண்டு, கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வருகிற லோரிகளைக் காட்ட ஜோவனையும் ஏட்ரியனையும் வாசலுக்குக் கூட்டிப் போனாள்.

முதல் கரண்டிப் பருப்பு லியோனார்டின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. இரண்டாவது, மிஷாவின் காதுக்குப் போனது. கத்தரீன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். பாதியில் பிள்ளையை யாரிடமாவது தள்ளப் பார்ப்பான் என்று அவளுக்குத் தெரியும். பார்த்தான். குழந்தையை மேசைக்கு மேலாக அவளிடம் நீட்டினான்.

அவள் கைகளைக் கட்டிக்கொண்டாள்.